கொட்டி என்ற வினையெச்சம்

கொழும்பை அடுத்த வத்தளைப் பக்கத்துக் கார்மென்ட் தொழிற்சாலைகள் வெளிநாடுகளுக்குச் சட்டை அனுப்பிக்கொண்டிருந்த யுத்த காலம். சட்டை கப்பலேறிவிடும். கழுத்துக்கும் கைக்குமாக வெட்டியெறிந்த துணி இங்கேயே கிடக்கும். பிறையும் வட்டமும் கிழிசலுமான அந்தக் கட் பீஸ்களைச் சாக்கில் அடைத்துக் கொட்டாஞ்சேனைக் கடையொன்றில் விற்பார்கள். அங்கிருந்து பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு, நாங்கள் குடியிருந்த குறுகிய ஒழுங்கையின் எதிர்வீட்டு மேல்மாடிக்கு அவை வந்து சேரும். சட்டை சுவிஸில் இருக்கும் மகனுக்கு. சட்டையின் ஓட்டை வெள்ளவத்தையில் இருக்கும் தாய்க்கு. இதைவிட நியாயமான பங்கீட்டை அந்தக் காலத்தில் நான் காணவில்லை.

அந்த மாடியில் வடக்கிலிருந்து வந்த பெண்கள் அறை அறையாக இருந்தார்கள். ஒருத்தி வீசாவுக்குக் காத்திருந்தாள், இன்னொருத்தி காணாமற்போன கணவனைப் பற்றிய ஒரு பதிலுக்கு. காத்திருப்பது என்பது சம்பளமில்லாத முழுநேர உத்தியோகம். அதில் ஒரு அக்கா மட்டும் சும்மா காத்திருக்க மாட்டேன் என்று இரண்டு பழைய தையல் மெஷின்களை ஏற்பாடு செய்தார். பிறைகளை இணைத்துக் கால்மிதி, வட்டங்களைச் சேர்த்துச் சந்தைக்குப் போகும் பை, எதற்கும் உதவாத கிழிசல் கீலங்களைத் திணித்துக் குழந்தைக்கு மெத்தை. மார்க்கெட்டிலும் புறக்கோட்டை நடைபாதையிலும் அவை விற்றன. பெண்கள் தங்கள் அறை வாடகையைத் தாங்களே கட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து காசு வரும் வரை மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள், இப்போது தங்களுக்குள் சண்டை பிடிக்கும் அளவுக்கு நிமிர்ந்திருந்தார்கள்.

ஒருநாள் அக்காவும் கூடத் தைக்கும் இன்னொரு பெண்ணும் சாக்கோடு திரும்பி வரும்போது, காலி வீதிக் காவலரணில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்த சிப்பாய், சாக்கைத் துவக்கு நுனியால் தட்டி, "மொனவத மே?" என்று கேட்டான். என்ன இது என்று. "ரெதி" என்றார் அக்கா. துணி என்று. அவருடைய சிங்களம் அந்த இடத்தில் தீர்ந்துபோனது. பக்கத்தில் நின்றவளிடம் தமிழில் சொன்னார்: "பொறு பிள்ளை, எல்லாத்தையும் ரோட்டில கொட்டிக் காட்டினாத்தான் இவருக்கு விளங்கும்."

அவனுக்கு ஒரே ஒரு சொல்தான் விளங்கியது. சிங்களத்தில் கொட்டி என்றால் புலிகள்.

அக்காவைப் பொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கூடப் போனவள் அழுதபடி ஓடி வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒழுங்கையில் சிங்களம் எழுத வாசிக்கத் தெரிந்த அரசாங்க உத்தியோகத்தன் நான்தான். வீடு நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் பொலிஸில் நன்றாகக் கதைப்பான் என்று அந்தப் பெண்களுக்கு ஒரு நம்பிக்கை வேறு. இஸ்திரி போட்ட சேர்ட்டை மாட்டிக்கொண்டு போனேன்.

பொலிஸ் நிலையத்தில் அக்கா சுவரோர மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியிடம் கொட்டுதல் என்ற வினையையும், அதிலிருந்து கொட்டி என்ற வினையெச்சம் பிறப்பதையும் சுத்தமான சிங்களத்தில் விளக்கினேன். என் வாழ்நாளில் இலக்கணத்தை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. கொட்டாஞ்சேனையின் பெயரிலும் முதல் இரண்டு எழுத்தும் அவைதான், அந்த ஊரை இன்னும் யாரும் பிடித்து அடைக்கவில்லை என்றும் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. என் நகைச்சுவை பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் வேலை செய்யும்.

அதிகாரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமல் அடைத்து வைத்திருந்தால் மடையன் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"சரி மாத்தயா, உங்கட பாஷையில இதுக்கு வேற சொல் இல்லையா?"

நான் ஒப்பிக்கத் தொடங்கினேன். ஊற்றி, சரித்து, சொரிந்து, கவிழ்த்து. பரீட்சைக்கு வந்த பையனைப் போல ஒவ்வொன்றையும் அவர் முன்னால் அடுக்கினேன். கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையம் எங்களுக்கு எந்தச் சொல் வேண்டும், எந்தச் சொல் வேண்டாம் என்று தெரிவு செய்ய, நான் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தேன்.

வாங்கிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "தம்பி, என்ன சொல்லுறான்?"

"வேற சொல் சொல்லியிருக்கலாமாம் அக்கா. கவிழ்த்து எண்டு..."

"சாக்கக் கவிட்டா சாக்குத்தான் தலைகீழா நிக்கும். நான் கொட்டத்தான் நினைச்சனான். அதை அவருக்குச் சொல்லும்."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவரை விட்டார்கள். சாக்கை விடவில்லை, பரிசோதிக்க வேண்டுமாம். நாங்கள் வெளியே வரும்போது முற்றத்தில் ஒருவன் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். கையில் பிறை வடிவத் துணி. அக்கா நின்று பார்த்தார். "நல்ல பருத்தி. தண்ணியை நல்லா உறிஞ்சும்" என்றார்.

பொலிஸ்காரன் மீது கோபப்படுவது சுலபம். வீட்டுக்கு வந்தால் அங்கே எங்கள் ஆட்கள் காத்திருந்தார்கள். எதிர்வீட்டுச் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற கணக்காளர், நெற்றி நிறைய விபூதியோடு வாசலில் நின்றார்.

"பிள்ளை, வாயை அடக்கிக்கொண்டு நிண்டிருந்தா ஒரு பிரச்சினையும் வந்திராது. இனி இந்த வீட்டுக்குள்ள சாக்கு வரக் கூடாது. வந்தா எல்லாரும் அறையைக் காலி பண்ணுங்கோ."

"சாக்கு இல்லாட்டி வாடகை எப்பிடி அய்யா வரும்?" என்று கேட்டார் அக்கா.

"அது உங்கட பாடு."

ஒழுங்கையில் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவருக்காவது, கொட்டுவதைக் கொட்டுவது என்று சொன்னதில் என்ன பிழை என்று கேட்கத் தோன்றவில்லை. பிள்ளைகள் பஸ்ஸில் தமிழ் கதைத்தால் தொடையில் கிள்ளும் கூட்டம் அது. அந்தக் கூட்டத்தில் என் கையும் இருந்தது.

மெஷின்கள் போக இடமில்லை. பெண்கள் அன்றே அவற்றைத் துணியால் மூடி வைத்தார்கள். இரவுச் சாப்பாட்டின்போது மனைவி சொன்னாள்:

"உங்கட புத்தகங்களக் கட்டிலுக்குக் கீழ தள்ளுங்கோ. மெஷின் ரெண்டும் முன் ஹோலுக்கு வரட்டும்."

"பொலிஸ் வந்தா?"

"வந்தா இலக்கணம் சொல்லுங்கோ. உங்களுக்குத்தான் நல்லா வருமே."

எங்கள் வீடு அவளுடைய சீதனம். ஆகவே அது விவாதத்துக்குரிய விஷயமல்ல. விடியமுன் அலுமாரி காலியாயிற்று. என் நூலகம் முழுக்கக் கட்டிலுக்குக் கீழே, பழைய செருப்புகளுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தது.

அடுத்த கிழமை அக்கா மறுபடி கொட்டாஞ்சேனைக்குப் போய், அதே பஸ்ஸில், அதே காவலரணைத் தாண்டி இன்னொரு சாக்கைக் கொண்டுவந்தார். அன்று யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாக்கை ஹோலின் நடுவில் இறக்கி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஒழுங்கைக்கே கேட்கும்படி கேட்டார்:

"எங்க தம்பி கொட்டுறது?"

நான் யன்னலைப் பூட்டப் போனேன்.

"ஏன் பூட்டுறீர்?"

நான் எதிர்வீட்டைக் கண்ணால் காட்டினேன்.

"திறவும்" என்றார் அக்கா. "தூசி பறக்கும்."

திறந்தேன். எதிர்வீட்டுக்காரர் தன் வாசலில் நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சாக்கின் வாயை அவிழ்த்துக் கொட்டினார்.