ஜாபர் அண்ணனின் எண் இருந்த இடம்

குழுவின் கூட்டங்களில் வாயே திறக்காதவள் இதை எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள்.

வேலைக்குப் போக சானடோரியம் ரயில் நிலையத்தில் நின்றபோது செந்திலின் குறுஞ்செய்தி வந்தது. ஜாபர் அண்ணன் போய்விட்டார், நெஞ்சுவலி என்றிருந்தது. வந்த ரயிலில் நான் ஏறவில்லை.

மேற்குத் தாம்பரத்தில் அவர் பூட்டும் ஆணியும் விற்ற கடையை எல்லோருக்கும் தெரியும். நம் ரத்ததானக் குழுவின் இணையப் பக்கத்தில், தொடர்புக்கு என்று இருந்தது அவர் எண்தான். போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார்.

பக்கத்தைப் புதிதாகச் செய்ய இலவச மென்பொருள் தேடிய ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கும். நாவலூரில் வேலை பார்க்கும் செந்தில், பழைய பக்கத்தைச் செய்த மென்பொருளின் புதுப் பதிப்பைக் காட்டினார். படங்கள் சுழன்றன. நாம் கை தட்டிக்கொண்டிருந்தபோதே அண்ணனின் போன் அடித்தது. குரோம்பேட்டை மருத்துவமனையில் ஒரு தாய்க்கு அறுவை சிகிச்சை. நம் பக்கத்திலிருந்த கொடையாளர் எண்ணில் வேறு யாரோ எடுக்கிறார்கள். அண்ணன் சரியான எண்ணைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உடனே மாற்றும்படி செந்திலிடம் சொன்னார்.

"எல்லாம் என் ஆபீஸ் சிஸ்டத்துல இருக்குண்ணா. நாளைக்குத்தான் மாத்த முடியும்."

"அதுக்குள்ள இன்னொருத்தர் அதே நம்பருக்கு அடிச்சா இன்னா பண்றது, மச்சான்?"

அடுத்துப் பார்த்த மென்பொருள் மொட்டையாக இருந்தது. ஆனால் எந்தக் கணினியிலும் அவரவர் கடவுச்சொல் போட்டுத் திறக்கலாம். அண்ணன் அதன் முன்னால் என்னை உட்கார வைத்தார்.

"பூட்டு வித்தா எல்லாச் சாவியும் போட்டுப் பாத்துத்தான் குடுப்பேன். நீ திறம்மா. சந்தேகம் வந்தாலும் கேக்க மாட்ட. உனக்குத் திறக்க வந்துச்சுன்னா எல்லாருக்கும் வரும்."

எல்லோரும் சிரித்தீர்கள். பழைய எழுத்துருவிலிருந்த கொடையாளர் பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டிச் சேமித்தேன். அடுத்த கணினியில் தமிழெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. அண்ணன் குனிந்து பார்த்தார்.

"நம்பர் சரியா கீது. பேரை மட்டும் திருப்பி அடி."

எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடில் அடித்தேன், வந்தது. அன்றே அதைத் தேர்ந்தெடுத்தோம்.

பக்கத்தில் பெண்கள் எண்ணைப் போடக் கூடாது என்ற நம் விதி, என் அப்பா, அண்ணனின் கடைக்கே போய்க் கேட்டதால் வந்தது. அண்ணன் உடனே ஒத்துக்கொண்டார். "நம்பர் வேணாம், சரி. சாவி மட்டும் உங்க பொண்ணுகிட்ட இருக்கட்டும்" என்றாராம். அவர் தந்தவற்றில் என்னிடம் இருப்பது அந்தக் கடவுச்சொல்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி, நம் அக்கா, சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அண்ணனின் போன் அடித்தது. எழுந்து நின்று எடுத்தார். "அவங்க இல்லீங்க" என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் என்னிடம் நீட்டினார். யாருக்கோ ரத்தம் வேண்டுமாம். விசாரித்து, ஒரு கொடையாளரின் எண்ணைச் சொன்னேன்.

அந்தப் போன் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. அப்பாவிடம் பேசிவிட்டேன், அவர் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மாற்ற எனக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் விதி நம் எல்லோருடையது. அண்ணனின் எண் இருக்கும் இடத்தில் என் எண்ணைப் போட அனுமதி கொடுங்கள்.