குப்பை வண்டுக்கு மகாராஜா பெயர்

மைசூர்க் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தபோது, காட்டிலிருந்து அள்ளிவந்த மக்கிய இலைகளைச் சலித்ததில் பாதிக் கடுகளவு வண்டு ஒன்று எனக்குக் கிடைத்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனம். உடனே லண்டன் நிபுணர் ஒருவருக்கு அனுப்பி, அதற்கு நம் மகாராஜாவின் பெயரை வைக்கும்படி எழுதினேன். பதவி உயர்வு கேட்க இதைவிடக் கண்ணியமான வழி உண்டா?

பேராசிரியரிடம் பெருமையாகச் சொன்னேன்.

“ஓய், எங்கே பிடிச்சீர்னு அரண்மனைல கேப்பா. குப்பைலேன்னு சொல்வீரா?”

வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினேன்.

“முந்தாநாளே ரயில் ஏறிடுத்து ஸ்வாமி,” என்றார் குமாஸ்தா. “ஓடறதுன்னா பம்பாய்க்கு ஓடும், கப்பல் ஏறறதுக்குள்ளே.”

அதன்பின் நான்கு மாதம், தெருமுனையில் அரண்மனைச் சேவகனின் தலைப்பாகை தெரிந்தாலே நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். அத்தனை பேரும் என்னைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைசியில் லண்டன் பதில் வந்தது. புதிய இனம்தானாம். ஆனால் உடம்பெல்லாம் ரோமம் இருப்பதால், அதையே குறிக்கும் லத்தீன் பெயரை நிபுணர் வைத்துவிட்டாராம். மகாராஜா தப்பினார், என் வேலையும் தப்பியது. கடிதத்தை மூன்று முறை படித்தேன். நிம்மதியில் படிப்பதாகப் பேராசிரியரிடம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், கண்டுபிடித்தவன் என்று என் பெயர் எங்காவது ஓரத்திலாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.