மீன்பெட்டியில் செய்த விமானம்

அம்மா குவைத்திலிருந்து திரும்பி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது வீட்டு வேலைக்குப் போனவர். அதுவரை அம்மா என்பது வெள்ளிக்கிழமைகளில் அப்பாவின் போனில் வரும் ஒரு குரல் மட்டும்தான். தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. கோயிலுக்குப் பின்னாலிருந்த பாறையில் ஏறி நின்றுதான் பேசவேண்டும். மழைக்காலத்தில் அதுவும் இல்லை.

என்னையும் அண்ணனையும் வளர்த்தவர் அப்பாவின் அக்காவான அத்தை. அத்தையை நான் 'நீ' என்று கூப்பிடுவேன். அம்மாவிடம் மட்டும் 'நீங்க' என்று மரியாதையாகப் பேசினேன். "சாப்பிட்டியா புள்ள?" என்று அம்மா கேட்டால், அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். அம்மா அதைக் கவனிக்காதவர் போலத் துணி மடித்துக்கொண்டிருப்பார்.

அம்மாவின் பெரிய பெட்டியில் போர்வைகளுக்கும் சவர்க்காரக் கட்டிகளுக்கும் நடுவே, துணியில் சுற்றி, இரண்டு குச்சிகள் வைத்த ஒரு ரிமோட் இருந்தது. கூடவே சின்ன மோட்டார், பிளாஸ்டிக் காற்றாடி, பெட்டரி, தலைமுடி போன்ற சில வயர்கள்.

"அந்த வீட்டுப் புள்ள குடுத்தது. பிளேன் ஒடஞ்சிருச்சு, இது மட்டுந்தான் மிச்சம். ஒடம்ப நாம செஞ்சுக்கலாம்" என்றார் அம்மா.

அண்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அம்மா வந்த நாளிலிருந்து அவரோடு சரியாகப் பேசாமல் இருந்தவன், ரிமோட்டைக் கண்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

விமானத்தின் உடம்புக்கு ரெஜிபோம் என்கிற இலேசான வெள்ளை நுரை அட்டை வேண்டும். அப்பா பெரகலச் சந்தி மீன்கடையில் கேட்டு, ஐஸ் வைத்து மீன் வரும் வெள்ளைப் பெட்டிகள் இரண்டைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். அம்மா அவற்றைத் தேசிக்காய் பிழிந்து கழுவினார்; மறுபடியும் கழுவினார். வாசம் போகவில்லை. அந்தப் பள்ளி விடுமுறை முழுக்க லயத்துப் பூனைகள் எங்கள் வாசலை விட்டு நகரவே இல்லை.

கத்தியை அடுப்பில் சூடாக்கி, வெண்ணெயை வெட்டுவதுபோல அம்மா பெட்டியை வெட்டினார். இறக்கைக்கு அடியில் மூங்கில் சிலாகை ஒட்டினார். வாலின் அசையும் பகுதியை டேப்பால் பிணைத்து, பழைய சைக்கிள் கம்பியை வளைத்து அதில் கொளுவினார். அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டுக்குப் போனால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன்.

கொழுந்து பறிக்கப் போய்த் திரும்பும் பெண்கள் வாசலில் நின்று, பவுண் நகையோடு வருவாள் என்று பார்த்தால் மீன்பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாளே என்று பேசிச் சிரித்தார்கள். அப்பாதான், "செய்யட்டும் விடுங்க. எனக்கும் பாக்க ஆசையா இருக்கு" என்றார்.

ஒருநாள் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தபோது, அண்ணன் அவசரப்பட்டு, செருப்பு ஒட்டும் பசையை வாலில் தடவிவிட்டான். ரெஜிபோம் சீனி கரைவதுபோலக் கரைந்து குழி விழுந்துவிட்டது. அடி விழப்போகிறது என்று நான் அத்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். திரும்பி வந்த அம்மா குழியைப் பார்த்துச் சிரித்தார்.

"அவனும் இப்பிடித்தான் செஞ்சான்."

"எவன்?" என்று கேட்டான் அண்ணன்.

"அந்த வீட்டுப் புள்ள."

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு விமானத்தின் பக்கமே வரவில்லை. அம்மா தனியாகவே வாலை மறுபடி வெட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் தோட்டத்து விளையாட்டுத் திடலுக்குப் போனோம். அண்ணனும் வந்தான், ஆனால் தள்ளி, மண்மேட்டில் உட்கார்ந்துகொண்டான். அம்மா இறக்கைகளின் அடியில் இரண்டு விரல்களை வைத்து விமானத்தைத் தாங்கிப் பார்த்தார். வால் தாழ்ந்ததால் பெட்டரியைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினார். பிறகு, காற்றுக்கு எதிராக நேரே எறியும்படி அப்பாவிடம் சொன்னார். அப்பா கல்லெறிவதுபோல எறிந்தார். அது பத்தடி போய் மூக்கால் விழுந்தது.

"தள்ளிவிட்டாப் போதுங்க. எறிய வேணாம்" என்றார் அம்மா.

இரண்டாம் முறை அது ஏறிவிட்டது. தேயிலைக்கு மேலே, கோயில் கூரைக்கு மேலே, வெள்ளையாக. மோட்டாரின் இரைச்சல் தேனீயைப்போலச் சின்னதாகிக்கொண்டே போனது. சிரித்துப் பேசிய பெண்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். அம்மா உதட்டைக் கடித்தபடி விரல்நுனிகளால் குச்சிகளைத் தொட்டுக்கொண்டிருந்தார். விமானம் வளைந்து எங்கள் தலைக்கு மேல் வந்தது. வந்த நாளிலிருந்து நான் பார்த்திராத ஒரு முகத்தோடு அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே, தன் இடுப்புக்குப் பக்கத்தில் யாரோ நிற்பதுபோலக் குனிந்து, "யூசுப், ஷூஃப், ஷூஃப்" என்றார்.

அந்தப் பக்கத்தில் நின்றது நான்.

'பார்' என்பதற்கு அரபில் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் யூசுப் என்பது என் பெயர் இல்லை என்று தெரியும். அம்மாவின் சிரிப்பு நின்றது. கைகள் குச்சிகளை மறந்துவிட்டன. விமானம் சாய்ந்து, மெதுவாகத் தேயிலைக்குள் இறங்கி மறைந்தது.

"யாரு யூசுப்?" என்று நான் சத்தமாகக் கேட்டேன். அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினார்.

மண்மேட்டிலிருந்து எழுந்த அண்ணன் நேரே தேயிலைக்குள் இறங்கினான். அவன் அதை மிதித்து உடைக்கப்போகிறான் என்றுதான் நான் நினைத்தேன். வெகுநேரம் கழித்து, கைகால்களெல்லாம் கீறல்களோடு விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு இறக்கை முறிந்திருந்தது. அதை அம்மாவின் கையில் கொடுத்தான்.

"அவனுக்கு என்ன வயசு?"

"தங்கச்சி வயசுதான்" என்றார் அம்மா, என்னைக் காட்டி. "நான் போறப்ப நடக்கப் பழகிக்கிட்டிருந்தான். நாந்தான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி…"

அண்ணன் முறிந்த இறக்கையைத் தூக்கிப் பொருத்திப் பார்த்தான். பிறகு, "ஒட்டிட்டு எனக்கும் ஓட்டச் சொல்லிக் குடுங்க" என்றான். அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று பின்னேரம் அம்மா வாசலில் உட்கார்ந்து முறிந்த இடத்தில் பசை பூசிக்கொண்டிருந்தார். நான் பூனைகளை விரட்டும் சாக்கில் பக்கத்தில் போய் நின்றேன். காலையிலிருந்து கேட்க நினைத்திருந்ததைக் கேட்டேன்.

"அந்த யூசுப்புக்கு ஒங்கள ஞாபகம் இருக்குமா?"

அம்மா பசை காயும்வரை இறக்கையை அழுத்திப் பிடித்திருந்தார்.

"கொஞ்ச நாள் தேடுவான். பெறகு மறந்துருவான். சின்னப் புள்ளதானே."

எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. அப்படியென்றால் இனிமேல் அம்மா எங்களுக்குத்தான் என்று நினைத்து, விளையாட ஓடிவிட்டேன். கொஞ்ச நாள் தேடிவிட்டுப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்பது அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கும் வயது எனக்கு அப்போது வந்திருக்கவில்லை.