பன்னிரண்டு கைப்பிடி

இலங்கையில் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடமாகக் கொழுந்து பறிப்பவள் வீரம்மா. வயது ஐம்பத்தாறு. கோபம் வந்தால் கத்தமாட்டாள்; பேச்சை நிறுத்திவிடுவாள். ஒன்பதாம் காம்பிராவில் குடியிருக்கும் ஆண்டியப்பனோடு அவள் பேசி ஒரு வருடமாகப் போகிறது.

காரணம் செவலை. பன்னிரண்டு காம்பிரா, அதாவது ஒற்றை அறை வீடுகள், வரிசையாக நிற்கும் அந்த லயத்துக்கு ஒரே நாய் அது, வளர்த்தவள் வீரம்மா. தைப்பொங்கலன்று பானையை இறக்கியதும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு கைப்பிடி பொங்கலை நாய்க்கு வைப்பது அங்கே வழக்கம். 2024 ஜனவரி 15, திங்கட்கிழமை, பன்னிரண்டு வாசலிலும் தின்றுவிட்டு வந்த செவலை அன்று மாலையே வாந்தியெடுத்தது. மறுநாளிலிருந்து சிறுநீர் போகவில்லை. பதினெட்டாம் தேதி காலை பத்து இருபதுக்குச் செத்தது.

யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றாள் அடுத்த காம்பிரா ராக்காயி. ஆண்டியப்பனின் கோழியைச் செவலை கவ்வியது மூன்று வாரத்துக்கு முன்புதான். வீரம்மாவுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

செவலை ஈன்றுவிட்டுப்போன குட்டி வளர்ந்தது. மார்கழி பிறந்து அடுத்த பொங்கல் நெருங்கியதும் வீரம்மாவுக்கு ஒரு சந்தேகம். விஷமில்லாமல் தீனியே கொன்றிருந்தால்? நாய்க்கு எது ஆகும், எது ஆகாது என்று கேட்டு அலைந்தாள். பூண்டு கொடுத்தால் வயிற்றுப் பூச்சி சாகும் என்றார் கடை முதலாளி. பூண்டு கொடுத்தால் நாயே சாகும் என்றது ராக்காயியின் மருமகள் போனில் காட்டிய வீடியோ. அடுத்த வீடியோவில் ஒருவன் நாய்க்கு வெங்காயக் குழம்பு ஊட்டிக்கொண்டிருந்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் சிரித்தார்கள்.

டிசம்பர் 27, வெள்ளிக்கிழமை, வேலைக்குப் போகாமல் டவுனில் இருக்கும் மிருக வைத்தியரிடம் போனாள். நாய்க்கு ஆகாத தீனிகளை அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் ஆங்கிலம். வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. வீரம்மா தாளை மேசையில் வைத்தாள். அவளுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது.

"இத வாசிக்கத் தெரியாத லயத்துலதான் நாய் செத்துச்சு. நீங்களே வாசிங்க டாக்டர். நான் தமிழ்ல எழுதிக்கிறேன். எழுதாம இங்கயிருந்து போக மாட்டேன்."

பின்னால் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். டாக்டரம்மா வாசித்தார். ஏழாவதாக வந்தது காய்ந்த திராட்சை. வீரம்மாவின் பேனா நின்றது. எவ்வளவு தின்றால் ஆகாது என்று கேட்டாள். இவ்வளவு வரை பயமில்லை என்று சொல்லவே முடியாது, சில நாய்களுக்குக் கொஞ்சமே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்றார்.

பன்னிரண்டு கைப்பிடி. அதில் அதிகம் திராட்சை போட்ட பானை வீரம்மாவுடையது. கொழும்பிலிருந்து மகன் கொண்டுவந்த பாக்கெட்டில் பாதியைக் கொட்டியிருந்தாள். பஸ்ஸில் வரும்போது கோபத்தை யார் தலையில் இறக்குவது என்று தெரியவில்லை. எல்லாம் தன் தலையிலேயே இறங்கியது. நேராக ஒன்பதாம் காம்பிராவுக்குப் போனாள்.

"அண்ணே, ஒரு வருசமா ஒங்கள மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தேன். தப்பு. நாய நாமதான் கொன்னோம், நான்தான் மொதல்ல. வர்ற பொங்கலுக்கு இந்தக் குட்டிக்கு யாராச்சும் ஒரு பருக்கை பொங்கல் வச்சா, கைய ஒடிச்சுப்புடுவேன். ஒங்களுக்கும் சேத்துத்தான்."

ஆண்டியப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி தங்கச்சி. என் கோழிக்கு என்ன பதில்?"

அதற்குள் அவள் படியிறங்கியிருந்தாள்.

தான் எழுதிவந்ததைப் பெரிய எழுத்தில் எழுதி, தண்ணீர் பிடிக்கும் பீலியின் சுவரில் ஒட்டினாள். 2025 ஜனவரி 14, பொங்கலன்று காலை, தகரத் தட்டோடு பன்னிரண்டு வாசலிலும் ஏறி இறங்கினாள். சர்க்கரையும் திராட்சையும் போடுவதற்கு முன்பே குட்டிக்கு ஆளுக்கொரு கைப்பிடி வெறும் சோற்றை வாங்கினாள். சாமிக்கு முன்னால் நாய்க்கா என்று ராக்காயி முகத்தைச் சுளித்தாள்.

"சாமி பொறுக்கும், போடு" என்றாள் வீரம்மா.

நான்கு நாட்கள் குட்டியின் பின்னாலேயே நடந்து, அது காலைத் தூக்குகிறதா என்று பார்த்தாள். பதினெட்டாம் தேதி காலை பத்து இருபதுக்கு அது ஆண்டியப்பனின் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தது. அவர் விறகுக் கட்டையோடு ஓடினார். வீரம்மாவும் ஓடினாள், அவரை முதல்முறையாக வாய்விட்டுத் திட்டிக்கொண்டு.