தலையாட்டாத அம்மா

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தும் உறவினர்க்கும் நண்பர்க்கும் எங்கள் வணக்கம்.

அம்மா பிறந்தது கல்லாவியில். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, போச்சம்பள்ளி ஆலையில் ஷிப்ட் வேலைக்குப் போய்த் தம்பிகளைப் படிக்க வைத்தவர். மணமாகிக் கெலவரப்பள்ளி அணைக்கு அப்பால் உள்ள எங்கள் ஊருக்கு வந்தார். தெலுங்கில் நலம் விசாரித்து, கன்னடத்தில் சண்டை போட்டு, தமிழில் சமாதானம் ஆகிற ஊர் அது. மூன்றையும் கற்றுக்கொண்டார்.

ஊரை ஒட்டிய சிறு காட்டின் வழியாகத்தான் கர்நாடகப் பக்கமிருந்து யானைகள் வந்து போகும். அரசின் நிலப் பயன்பாட்டு வரைவுத் திட்டத்தில் அந்தக் காடு தொழிற்பகுதியைக் குறிக்கும் ஊதா நிறத்தில் இருந்தது. கருத்துக் கேட்க அதிகாரிகள் வந்தார்கள். வந்தவரிடம் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. மோர் கொடுத்தோம், தலையாட்டினோம், கும்பிட்டு அனுப்பினோம். ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்று பதிவாகிவிட்டது.

அதன்பின் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காட்டைக் கொடுக்கக் கூடாது என்று சொல்ல, வேலை முடிந்து வந்ததும் வீடு வீடாகப் போனார். பக்கத்து வீட்டு மாமா கேட்டார்: "உம் பொண்ணு ஆபீஸ்ல ஏசியில உக்காந்துட்டா. எங்க பசங்க யானை மேய்க்கணுமாம்மா?"

"கம்பெனி வேணாம்னா சொன்னேன்? பழைய தொழிற்பேட்டையில எவ்வளவு எடம் முள்ளு மொளச்சிக் கெடக்குது, அங்க கட்டட்டும். காட்ட எடுத்துட்டா யானை நேரா உங்க ராகிக் கொல்லைக்குத்தாண்ணா வரும்."

வரைபடம் வரைவது என் தொழில். காலி மனைகள், காடு, யானைத் தடம் மூன்றையும் ஒரே தாளில் வரைந்து கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்கும் சென்னைக்கும் அலைந்து, மறுபடி ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஏற்பாடு வாங்கினார் அம்மா.

"போன தடவை யாரும் எதிர்ப்பு சொல்லலியேம்மா?" என்றார் அதிகாரி.

"அது மரியாதைங்க சார். சம்மதம் இல்லை."

அவர் ஊரைப் பார்த்தார். ஊர் தரையைப் பார்த்தது. அம்மா உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் மாமா எழுந்தார். "எனக்கு இஷ்டமில்லைங்க சார். கோவிச்சிக்காதீங்க." பிறகு ஒவ்வொருவராக எழுந்து, மன்னிப்புக் கேட்டு, மறுத்தார்கள்.

திருத்திய வரைவில் காடு காடாகவே பச்சை நிறமானது. இறுதி ஆணை மட்டும் வரவில்லை. அதற்குள் அம்மா படுக்கையில் விழுந்தார்.

அவரைக் கவனித்த செவிலியர்களுக்கும், அலைச்சலில் உடன் வந்த ஊராருக்கும், மருத்துவமனைக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்த மாமா குடும்பத்துக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு.

கடைசியாக அம்மா என்னிடம் கேட்டது: "ஆர்டர் வந்துச்சா?"

நான் தலையாட்டினேன்.

"ஆட்டாத. வாயத் தெறந்து சொல்லு."

"இல்லம்மா."

"அப்ப போய்க் கேளு."

இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை மாமாவும் நானும் ஆணையைக் கேட்டு மறுபடி கிருஷ்ணகிரிக்குப் போகிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.