வாஷிங் மெஷின் அறையில் ஒரு சூரியன்

எவர்சில்வர் டம்ளரை லாசரஸ் வெறும் கையால் தொடமாட்டார். தோளில் கிடக்கும் துண்டின் நுனியால் பிடித்துத்தான் காபி குடிப்பார். விருந்துக்குப் போன வீட்டிலும் அப்படியே. சூடு தாங்காத மனிதர் போலிருக்கிறது என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சூடெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஒரு எஃகுக் கலத்தின் உட்புறத்தில் பட்டால், அதற்குள்ளிருந்து காற்றை முழுசாக உறிஞ்சி எடுக்க முடியாது. ஒரே ஒரு எஃகுக் கலத்தைக் காற்றில்லாமல் ஆக்குவதற்காகப் பல வருடம் பழகிய கை, டம்ளரையும் அதே மரியாதையோடு பிடிக்கிறது.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. பிசிக்ஸ் படித்துவிட்டு அப்பாவின் கடையில் வந்து உட்கார்ந்தவர். தலைவலி என்று வருகிறவர்களிடம், "கண்ணு நல்லாத்தான் இருக்கு, அந்த ஃபோனைக் கொஞ்சம் கீழ வைங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். வியாபாரம் போய்விட்டதே என்ற வருத்தம் முகத்தில் தெரியாது. அடுத்த ஆள் வரும்வரை கணினித் திரையில் அமெரிக்காவிலும் போலந்திலும் இருக்கிற, முகம் பார்த்திராத நண்பர்களோடு பேசிக்கொண்டிருப்பார். அவர்களும் இவரைப் போலவே வீட்டுக் கொட்டகையில் சூரியன் செய்கிறவர்கள்.

சூரியன் என்பது அவர் மனைவி கிறிஸ்டி வைத்த பெயர். சூரியனுக்குள் ஓயாமல் நடப்பது அணுக்கரு இணைவு. இரண்டு அணுக்கருக்கள் மோதி ஒன்றாவது. அதையே மிகச் சிறிய அளவில், காற்றை எடுத்துவிட்டுத் துளி வாயு விட்ட எஃகுப் பானைக்குள், உயர் மின்னழுத்தம் கொடுத்து நடத்திப் பார்க்க முடியும். மின்சாரம் எடுக்க உதவாது. உள்ளே போகிற மின்சாரத்துக்கு முன்னால் வெளியே வருவது தூசுக்குச் சமானம். பின் எதற்கு என்று கேட்டால் லாசரஸ், "நடக்குதே, அதுக்குத்தான்" என்பார்.

பானையைச் செய்து கொடுத்தவர் செம்பாக்கத்து வெல்டர் லோகநாதன். படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, குக்கரா? மூடியில விசிலைக் காணோமே" என்று கேட்டார். லாசரஸ் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டு, "உள்ள ஒண்ணுமே இருக்கக் கூடாதுன்றே. அதுக்கா இவ்ளோ கனமான தகடு?" என்றார். லாசரஸுக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போய், போலந்துக்காரருக்கே எழுதி அனுப்பினார்.

அது குடியேறிய இடம் வீட்டின் பின்பக்கம், வாஷிங் மெஷின் இருக்கும் அறை. காற்றை உறிஞ்சும் பம்ப்பின் மீது காதை வைத்துக் கேட்டு, "மூச்சு வாங்குது, எங்கயோ லீக்கு" என்பார். காற்று சரியாக வெளியேறிய அன்று சமையலறைக்கு வந்து, "கிறிஸ்டி, சுத்தமா காலி ஆயிடுச்சு" என்று சந்தோஷமாக அறிவிப்பார். வீட்டுக்குள் அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க என்று அவள் எத்தனையோ முறை கேட்டாயிற்று. அவர் அகராதியில் அதைவிட நல்ல வார்த்தை கிடையாது. அரிசி டப்பா காலி என்றால்கூட முகத்தில் ஒரு மலர்ச்சி வந்துவிட்டுத்தான் போகும்.

கிறிஸ்டி தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். மணமாவதற்கு முன்பிருந்தே அந்த வேலை. கணவரின் பானைக்குள் ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம் வரும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். அவர் சொன்னதும் அதுதான்: "பிளாஸ்மா லைட்டு மாதிரி." ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கு அவள் நின்றுவிடுவாள், அவர் வீட்டுக்கு ஓடிவந்து பானையை இயக்குவார். ஒரு ஞாயிறு மூச்சிரைக்கத் திரும்பி வந்து, சர்ச் வாசலில் நின்றபடி, "குமிழி வந்துடுச்சு" என்றார். நியூட்ரான் பட்டால் குமிழி விடும் ஒரு சிறு குழாய், அணுக்கள் இணைந்ததற்கு அத்தாட்சி. கிறிஸ்டி தண்ணீர்க் குழாய் ஏதோ உடைந்துவிட்டது என்று பதறி, பைபிளும் கையுமாக ஸ்கூட்டரில் ஏறினாள்.

இடி விழுந்தது அதற்குப் பின் ஒரு திங்கட்கிழமை. எக்ஸ்ரே எடுப்பவர்கள் மார்பில் ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருப்பார்கள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அது வாங்கி வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போய்வரும். டாக்டர் சாம்பசிவன் கிறிஸ்டியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். அவளுடைய பேட்ஜில் மட்டும் அளவு வரம்பைத் தாண்டிப் போயிருந்தது. கூட வேலை செய்யும் மற்ற இருவருக்கும் எப்போதும்போல ஒன்றுமில்லை.

கிறிஸ்டி ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்காமல் ஒரு நாளும் பொத்தானை அழுத்தியவளில்லை. கர்ப்பமாக இருந்த மாதங்களில்கூட யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. டாக்டர் நல்ல மனிதர். அன்று முதல் எக்ஸ்ரே அறைக்குள் போகக் கூடாது, ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பேட்ஜை எக்ஸ்ரே ரூம்ல மறந்து வெச்சுட்டேன்னு சொல்லிடுங்கம்மா. நடக்குறதுதான். நான் எழுதி அனுப்பிடறேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். பேட்ஜை மருத்துவமனையிலேயே விட்டு வரவேண்டும் என்பது விதி. அவளோ கோட்டில் குத்தியபடியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். அந்த ஒன்றைத்தான் டாக்டரிடம் சொல்லவில்லை. வழக்கம்போல் பின்னறைக்குப் போய், துவைக்கவேண்டிய கோட்டைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினாள். திரும்பினாள். எதிரே மேஜைமேல் பானை. அதன் நடுவில் உள்ளே பார்ப்பதற்கான வட்டக் கண்ணாடி. அது நேராகக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்படியே நின்றுவிட்டாள். எக்ஸ்ரே குழாயும் காற்றில்லாத கலம்தான், கண்ணாடி வழியே வரும் கதிர் நேர்க்கோட்டில்தான் போகும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பானைக்கு வலப்பக்கம் அவர் உட்காரும் ஸ்டூல் இருந்தது. ஸ்டூலுக்கும் பானைக்கும் நடுவே மரச்சட்டத்தில் சாம்பல் நிறத் தகடு ஒன்று நின்றது. அழுக்குப் பலகை என்று நினைத்து எத்தனையோ முறை சுற்றிக் கூட்டிப் பெருக்கியிருக்கிறாள். விரல் நகத்தால் கீறிப் பார்த்தாள். மெத்தென்று கோடு விழுந்தது. ஈயம்.

லாசரஸ் கடையிலிருந்து வந்தபோது அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பேட்ஜ் விஷயத்தைச் சொன்னாள். பிறகு நோயாளியிடம் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"இது எத்தனை கிலோவோல்ட்?"

"நாற்பது."

"பொம்பளைங்களுக்கு மாமோகிராம் படம் எடுக்க முப்பது போதும்ங்க. தெரியுமா?"

எக்ஸ்ரே வரும் என்பது அவருக்கு முதலிலிருந்தே தெரியும். சொன்னால் அவள் விடமாட்டாள் என்பதும் தெரியும். எதிர்ச்சுவரை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அது செங்கல் சுவர், அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று மட்டும் கணக்குப் போட்டிருந்தார்.

"நான் துணி போட வந்தப்ப இது ஓடியிருக்கா?"

"ரெண்டு தடவை. கதவுச் சத்தம் கேட்டதும் ஆஃப் பண்ணிட்டேன்."

"கதவைத் திறக்குறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம்" என்றார் லாசரஸ்.

அவள் எழுந்து போய்ச் சோறு வைத்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. டாக்டர் காட்டிய வழியையே சொல்லிவிடலாம் என்று மட்டும் சொன்னாள். வெளியே தெரிந்தால் போலீஸ் வரும், பேப்பர்காரர்கள் வருவார்கள், கோயம்புத்தூரில் படிக்கும் மகள் எபியின் பெயரும் சேர்ந்து கெடும். அவர் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் லாசரஸ் கடையைத் திறக்கவில்லை. அவளோடு மருத்துவமனைக்கு வந்து, டாக்டருக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். இவள் மேல் தப்பில்லை, பேட்ஜ் மறந்துபோகவும் இல்லை, என் வீட்டில் பட்டது என்றார். சாம்பசிவன் முதலில் சிரித்தார். புரியப் புரிய அவருடைய சுழல் நாற்காலி தானாகப் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டியது.

"வீட்லயா? ராஜகீழ்ப்பாக்கத்துலயா?" என்றார். பிறகு, "கரண்ட் பில் எவ்ளோ வருது?" என்று கேட்டார். அதிர்ச்சியில் மனிதருக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

உரியவர்களுக்குத் தகவல் போய், இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஓர் இளம்பெண், ஒரு வயதானவர். கிறிஸ்டியைத் தெருமுனைக்கு அனுப்பிவிட்டு, அளப்பதற்காகப் பானையைக் கடைசியாக ஒரு தடவை இயக்கச் சொன்னார்கள். வாசலில் தண்ணீர் லாரி நின்று பக்கத்து அடுக்குமாடிக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்ததால், உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் நீளக் கம்பின் முனையில் மீட்டரைக் கட்டி, கதவுக்கு வெளியிலிருந்தபடியே சுவரை மேலும் கீழுமாகத் துழாவினாள். மீட்டர் கத்திய இடங்களை மனதில் வைத்துக்கொண்டு, பானையை நிறுத்திய பிறகு சாக்பீஸால் கட்டம் போட்டாள். ஒரு பெண் நின்றால் தோளிலிருந்து இடுப்புவரை வரும் உயரம்.

அதன்பின் குறிப்புகளைச் சரிபார்த்த பெரியவர், லாசரஸின் ஸ்டூலைத் தட்டிச் சொன்னார். "இந்த இடத்துல ரீடிங்கே இல்லை சார். நல்லா பண்ணியிருக்கீங்க. நீங்க உட்கார்ற இடம் சேஃப்."

பாராட்டாகத்தான் சொன்னார். கிறிஸ்டி உள்ளே வந்தபோது லாசரஸ் வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நெஞ்சுவலியோ என்று பயந்துபோனாள். தண்ணீர் கொடுத்ததும் டம்ளரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, "என்னைச் சுத்தி மட்டும் கட்டிக்கிட்டேன் கிறிஸ்டி" என்றார்.

மின்சாரப் பெட்டியையும் வாயுக் குப்பியையும் எடுத்துப் போனார்கள். இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். கிறிஸ்டியின் ரத்தத்தில் குறை எதுவும் இல்லை. பேட்ஜில் பதிந்ததில் பெரும்பகுதி, யாருமில்லாத ஞாயிறுகளில் ஆணியில் தொங்கிய கோட்டின் மேல் பட்டது என்று அதிகாரிகளே முடிவு செய்தார்கள். பெரும்பகுதி என்ற சொல்லை மட்டும் கிறிஸ்டி இரண்டு முறை திருப்பிக் கேட்டாள். இப்போது பழையபடி எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறாள். பேட்ஜை அங்கேயே விட்டு வருகிறாள்.

கணினி நண்பர்களுக்கு லாசரஸ் ஒரே ஒரு செய்தி எழுதினார்: உங்கள் கண்ணாடி எதைப் பார்க்கிறது என்று போய்ப் பாருங்கள். போலந்துக்காரர் மறுநாள் பதில் போட்டார். அவருடையது குழந்தையின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

வெறும் பானை இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது. லோகநாதன் அதைப் பழைய இரும்பு விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார். போன வாரம், சுவரில் இருக்கும் சாக்பீஸ் கட்டத்தைத் துடைத்துவிடலாம் என்று கிறிஸ்டி ஈரத்துணியோடு வந்தாள். லாசரஸ் அவளைத் தடுக்கவில்லை. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, துண்டைத் தோளிலேயே விட்டுவிட்டு, சுவருக்கருகே போனார். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல், புறங்கையைத் திருப்பிக் கட்டத்தின் நடுவில் வைத்தார். கிறிஸ்டி துணியைப் பிழிந்தபடி காத்துக்கொண்டிருந்தாள். அவர் கையை எடுக்கவில்லை.