காற்றுக்கும் கிலோ கணக்கு

எங்கள் தோட்டங்காட்டில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்ட அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்போது ஐந்தாம் வகுப்பு. ரிக் வண்டியை ஓட்டித் துளை போட வந்தவர் அம்மாவின் அண்ணன், என் மாமா. ஊர் ஊராகப் பாறையைக் குடைந்தவர் கடைசியில் தங்கச்சி காட்டுக்கும் வந்துவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

முந்தின ஊரில், துளைக்குள் காற்றை அடிக்கும் கம்ப்ரசரின் காற்றழுத்த மீட்டர் உடைந்துபோயிருந்தது. எங்கள் ஊர் மல்லசமுத்திரத்துக்கு வருகிற வழியில் மாமா புதிதாக ஒன்று வாங்கி மாட்டியிருந்தார். பழையதில் நூறு, இருநூறு, முந்நூறு என்று இருக்குமாம். இதில் பத்து, இருபது, முப்பதுதான்.

"இருபதுன்னா எரநூறு சாமி. சைபரு ஒண்ணு போடாம உட்டுட்டான்" என்றார் மாமா.

எண்களுக்குக் கீழே பொடி எழுத்தில் 'கேஜி' என்று ஆங்கிலத்தில் இருந்ததை நான் படித்துவிட்டேன்.

"ஏனுங் மாமா, காத்தக் கிலோவுல நிறுப்பாங்களா?"

"ஆமா, உனக்கு ரெண்டு கிலோ பொட்டலம் கட்டித் தாரேன். தள்ளிப் போய் நில்லு."

எல்லோரும் சிரித்தார்கள், அப்பா உள்பட. நான் வெட்கத்தோடு வேப்பமரத்தடிக்கு அம்மாவிடம் போய்விட்டேன்.

மதியத்துக்கு மேல்தான், வெறும் புழுதியைக் கக்கிக்கொண்டிருந்த துளையிலிருந்து ஈர மண் வந்தது. அப்பா ஓடிப்போய் ஒரு கை அள்ளினார்.

"மச்சான், ஈரம் தட்டுதுங்க!"

மாமா காற்றைக் கூட்டினார். முள் இருபதைத் தொட்டது.

அவ்வளவுதான். அப்படியொரு வெடிச் சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. கம்ப்ரசரிலிருந்து போகும் தடித்த ரப்பர் ஓஸ் அறுந்து, தரையை மாறி மாறி அறைந்தது. மாமா காற்றை நிறுத்தும்போது அப்பா மண்ணில் கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. அம்மா வாய் திறந்து அலறுவது தெரிந்தது; எனக்குக் காது கேட்கவில்லை. அப்பாவின் கையில் அந்த ஈர மண் அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"கண்ணு, மீட்டரப் பத்தி நீ கேட்டத ஆருகிட்டயும் சொல்லிப்போடாத."

நான் கேட்டதால்தான் வெடித்தது, என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் மாமா சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. ஓஸ் பழசு என்று அவர் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் அழுத்தத்தின் அலகுகளை மாற்றிக் கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்றால், சதுர அங்குலத்துக்குப் பதினான்கு பவுண்டுக்கும் மேல். இருபதால் பெருக்கினேன். பழைய மீட்டரின் பவுண்டுக் கணக்கில் அது இருநூறு அல்ல, இருநூற்று எண்பத்து நான்கு.

விபத்துக்குப் பிறகு அப்பாவின் காலில் கம்பி வைத்திருந்த அந்த ஐந்தாம் வகுப்பு வருடம் மாமா ரிக்குக்கே போகவில்லை. உழவு, தண்ணீர் கட்டுவது எல்லாம் எங்கள் காட்டில் அவர்தான். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அம்மா, "எங்கண்ணனாட்ட ஆருக்கு வாய்க்கும்?" என்றாள்.

கட்டிலில் கால் நீட்டியிருந்த அப்பாவும், "நெசந்தான். நீங்க இல்லீன்னா நாங்க என்ன ஆயிருப்போமுங்க மச்சான்" என்றார்.

மாமா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். கண் கலங்கியிருந்தது. குழம்பில் காரம் கூடிவிட்டதாக நினைத்து, நான் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன்.